அடி ரேந்தை இல்லாத சட்டை

அடுத்தவர் போட்ட தையலை நான் லேசில் நம்புவதில்லை. இது திமிர் இல்லை, தொழில் புத்தி. கல்லடியில் எங்கள் வீட்டு முன்னறையில் மெஷினைப் போட்டுக்கொண்டு பல வருடமாகத் தைக்கிறேன். பள்ளிக்கூடச் சட்டை, கல்யாணப் பிளவுஸ், கோயிலில் முதல் நன்மை வாங்கும் பிள்ளைகளுக்கு வெள்ளைக் கவுண். வேறு இடத்தில் தைத்த உடுப்பை யாராவது திருத்தக் கொண்டுவந்தால் முதலில் உட்பக்கத்தைத் திருப்பித்தான் பார்ப்பேன். வெளிப்பக்கம் எல்லாரும் அழகாகத்தான் தைப்பார்கள். உள்ளே திருப்பினால்தான் வண்டவாளம் தெரியும்.

அப்பேர்ப்பட்ட எனக்கு, என் உடம்புக்குள்ளேயே ஒருவர் தையல் போட்டுவிட்டார். திருப்பிப் பார்க்கவா முடியும்?

கருப்பை வாய் பலவீனம் என்றார்கள். பிள்ளை கொஞ்சம் பாரம் வைத்ததும் அது தானாகத் திறந்துவிடுகிறதாம். முதல் பிள்ளை அப்படித்தான் போனது, ஐந்தாம் மாதத்தில், பெரிய வலிகூட இல்லாமல். அதனால் இந்த முறை மூன்று மாதம் கழிந்ததும் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து, சுருக்குப் பையின் வாயைக் கட்டுவதுபோல் சுற்றிவரத் தைத்து இறுக்கிவிட்டார்கள். மயக்கம் தெளிந்த கையோடு நான் கேட்ட முதல் கேள்வி, "என்ன நூல் டொக்டர்?"

பக்கத்தில் நின்ற நர்ஸ் சிரித்துவிட்டாள். டொக்டர் சிரிக்கவில்லை. "நாடா மாதிரி ஒரு நூல். லேசில அறாது."

"நூல் அறாது டொக்டர். துணிதான் கிழியும்."

"துணியும் பரவாயில்லை. நீங்க வீட்ட போய்ப் படுங்க. அதுதான் உங்கட வேலை" என்றார்.

படுத்தேன். முன்னறையிலேயே கட்டிலைப் போடச் சொன்னேன். பின்னறையில் கிடந்தால் யார் வருகிறார்கள், போகிறார்கள், அம்மா யாரிடம் என்ன வாய் கொடுக்கிறாள் என்று ஒன்றும் தெரியாது. கண்ணுக்கு எதிரே மெஷின். அதில் பாதி தைத்த ஒரு ஊதா பிளவுஸ், ஒரு கை வைத்தபடி, ஒரு கை இல்லாமல். மிதிக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். குடும்பநல மிஸ், எங்கள் பகுதி மருத்துவிச்சி, ஸ்கூட்டரில் வந்து பார்க்கும்போது, "காலால மிதிக்கப்படா. சும்மா கிடக்க ஏலாட்டி கையால ஓரம் மடிச்சு எம்மிங் அடிங்க" என்று சலுகை கொடுத்தா. அந்தச் சலுகையில்தான் என் மூளை பிசகாமல் இருந்தது.

யாருக்கும் சொல்லவேண்டாம் என்பது அம்மாவின் கட்டளை. போன தடவை ஊரெல்லாம் சொல்லி நாவூறு பட்டதாம். உடுப்புக் கேட்டு வருகிறவர்களிடம், "மகளுக்கு முதுகுப் பிடிப்பு, எழும்ப ஏலாது" என்பாள். வந்தவர்கள் வாசலில் நின்று என்னை எட்டிப் பார்ப்பார்கள். நான் நெஞ்சுவரை போர்வையை இழுத்துக்கொண்டு, அந்த வெயிலிலும் வேர்க்க வேர்க்கச் சிரிப்பேன். ஒருத்தி நல்லெண்ணெய் கொண்டுவந்தாள், முதுகுக்குத் தேய்க்க. நானே தேய்த்துவிடுகிறேன், திரும்பிப் படு என்று பிடிவாதம் வேறு. அம்மாவுக்கு அன்றைக்கு வியர்த்த வியர்வை எனக்குக்கூட வியர்க்கவில்லை.

சிரிப்பெல்லாம் அவ்வளவுதான். மிச்ச நேரம் பயம். வெறும் பயம்.

பாத்ரூமுக்குப் போவதுதான் ஆகப் பெரிய பயம். உள்ளே போனால் முதல் பார்வை துணிக்கு. ஒன்றும் இல்லையென்றால் மூச்சு வரும். வந்து படுத்துப் போர்வையை இழுக்கும்போதே ஏதோ ஈரமாக இருப்பதுபோல் தோன்றும். திரும்பவும் எழும்பினால் தையலுக்குக் கேடு. எழும்பாவிட்டால் என் தலைக்குக் கேடு. தும்மல் வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு அடக்குவேன். இருமல் வந்தால் ஒரு கையால் அடிவயிற்றைத் தாங்கிப் பிடிப்பேன், கை ஏதோ அதைத் தடுத்து நிறுத்திவிடும் என்பதுபோல. பிள்ளை அசைகிறதா என்று கேட்டால் அதிலும் சந்தேகம். உள்ளே என்னவோ புரளும். பிள்ளையா வாயுவா என்று தெரியாது. வாயுவாக இருந்துவிட்டால் என்று நினைத்து யாரிடமும் சொல்லமாட்டேன். மிஸ் புனல் மாதிரி ஒரு குழாயை வயிற்றில் வைத்துக் காதைக் கொடுத்துக் கேட்டா. "இன்னும் கேக்காது. கொஞ்சக் கிழமை போகட்டும், அதுக்குப் பிறகு கேக்கும்" என்று குழாயைப் பையில் போட்டா. கேட்காமல் இருப்பதற்கு எத்தனையோ காரணம் இருக்கலாமே என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாவோ என்று பயம்.

என் மனிசனுக்கு வேலை வாழைச்சேனையில், துறைமுகத்துக்குப் பக்கத்து ஐஸ் பக்டரியில். சனிக்கிழமைதான் வீட்டுக்கு வருவார். மற்ற நாளெல்லாம் போன்தான்.

"என்ன செய்யுது?"

"படுத்திரிக்கு."

"உன்னைக் கேக்கல்ல. புள்ளையைக் கேட்டன்."

"அதுவும் படுத்துத்தான் இரிக்கு. எழும்பினா உங்களுக்குத்தான் முதல்ல சொல்லும், வையுங்க போனை."

வைத்தபிறகு அழுவேன். அவரும் அங்கே ஐஸ் கட்டிகளுக்கு நடுவே நின்று என்ன செய்தாரோ, நான் கேட்டதில்லை.

இப்போது அந்தச் சட்டையைப் பற்றிச் சொல்லவேண்டும். நாங்கள் போர்த்துக்கேயர் வழிவந்த பறங்கிக் குடும்பம். அம்மாவின் வகையில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஞானஸ்நானத்துக்கு ஒரே சட்டைதான். வெள்ளை மஸ்லின், பிள்ளையின் காலுக்குக் கீழே ஒரு முழம் தொங்கும் நீளம். அடியில் ஒரு முழத்துக்கு மேல் அகலமாகச் சுருக்கு வைத்த பட்டி, பட்டியின் ஓரத்தில் கையால் பின்னிய ரேந்தை. இப்போது கடையில் விற்கிற லேஸையெல்லாம் அதற்குப் பக்கத்தில் வைக்கவே கூசும். என் அம்மா, அம்மாவின் சகோதரி அன்ரி, நான், என் ஒன்றுவிட்ட சகோதரங்கள் எல்லாரும் அதைப் போட்டுக்கொண்டுதான் கோயிலில் வீரிட்டு அழுதோம். ஒரு பிள்ளையின் ஞானஸ்நானம் முடிந்தால் தோய்த்து, பிஸ்கட் பெட்டியில் வைத்து, அடுத்ததாக யார் வயிற்றில் இருக்கிறதோ அவள் வீட்டுக்கு அனுப்புவார்கள். பெட்டி வந்தால் பிள்ளை வரும் என்று எங்கள் வீட்டில் ஒரு பேச்சு.

முதல் தடவை பெட்டி வந்தது. பிள்ளை வரவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து நான் வெறும் வயிற்றோடு வீட்டுக்கு வந்தபோது பெட்டி வீட்டில் இல்லை. அம்மா அதை வாழைச்சேனைக்கு அன்ரியிடமே திருப்பி அனுப்பியிருந்தாள். எங்கே என்று நான் கேட்கவுமில்லை. வேறு ஒன்றையும் நான் கேட்கவில்லை. ஆஸ்பத்திரியில், "பாக்கிறீங்களா?" என்று நர்ஸ் கேட்டபோது சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பெண் பிள்ளை என்று மட்டும் காதில் விழுந்தது. அம்மாவும் அவரும் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டார்கள்.

இந்த முறை, பிள்ளை என் கைக்கு வந்தபிறகு பெட்டியை அனுப்பினால் போதும் என்று அன்ரிக்குக் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். அன்ரி யாருடைய சொல்லைக் கேட்டாள்? நான் ஐந்தாம் மாதத்தில் நிற்கும் ஒரு சனிக்கிழமை, என் மனிசன் பஸ்ஸிலிருந்து இறங்கி வருகிறார், கக்கத்தில் பிஸ்கட் பெட்டி. முகத்தில் திருட்டு முழி.

"கொண்டு போங்க திருப்பி!" என்று கத்தினேன்.

"அன்ரி கையில வெச்சு அமத்திட்டா. நான் என்ன செய்ய?"

அம்மா ஓடிவந்து பெட்டியைப் பறித்து, திறக்காமலே அலுமாரிக்கு மேலே வைத்தாள். "கிடக்கட்டும். ஆரும் தொடவேணாம்" என்றாள். தொடவேண்டாம் என்று அம்மா சொன்ன எதையாவது நான் தொடாமல் விட்டிருக்கிறேனா? அடுத்த நாள் அவள் பூசைக்குப் போனதும், அவரிடம் பெட்டியை இறக்கித் தரச் சொன்னேன். மாரி காலம், பூஞ்சணம் பிடித்திருக்கும், காற்றுப்பட வைக்கவேண்டும் என்று காரணம் சொன்னேன். உண்மையில், பெட்டி வந்துவிட்டது. இனி உள்ளே கிடப்பதைப் பார்க்காமல் படுத்துக்கிடக்க என்னால் முடியாது.

மடிப்பைப் பிரித்ததுமே கை நின்றுவிட்டது. சட்டை குட்டையாக இருந்தது. பழக்க தோஷத்தில் உட்பக்கத்தைத் திருப்பினேன். அடிப் பட்டியைக் காணவில்லை. ரேந்தையும் இல்லை. யாரோ கத்தரிக்கோலால் கோணல்மாணலாக வெட்டி, வெட்டிய விளிம்பை மடித்து, கட்டை கட்டையாக ஓடவிட்ட தையல். அதுவும் வெள்ளை நூல் இல்லை, சாம்பல் நிற நூல்.

எனக்குக் கோபம் தலைக்குமேல் ஏறியது. அன்ரியின் மருமகள்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். அவளுக்கு அந்த ரேந்தைமேல் எப்போதும் ஒரு கண். அந்த நிமிடமே அன்ரிக்குப் போன் எடுத்தேன்.

"சட்டைய ஆரு வெட்டினது?"

"எந்தச் சட்டை?"

"எத்தனை சட்டை இரிக்கு நம்மட்ட? அடி ரேந்தை முழுக்க வெட்டி எடுத்திரிக்கு. உங்கட மருமகள் வீட்டு யன்னல்ல தொங்குதா எண்டு பாருங்க!"

"என்னகா கதைக்கிறாய்? நான் பெட்டிய மூடி கழட்டவே இல்லை. நீங்க அனுப்பின மாதிரியே வெச்சிருந்தன், மாதா சத்தியம்!"

"அப்ப எலி வெட்டிச்சா?"

"எலி கத்தரிக்கோல் வெச்சா வெட்டும்?" என்று அன்ரியும் கத்தினாள். பிறகு அழுதாள். பிறகு போனை வைத்துவிட்டாள். "பிரஷர் ஏறும், விடு" என்று அவர் என் கையைப் பிடித்தார். உதறினேன். பூசை முடிந்து வந்த அம்மா, வாசலில் செருப்பைக் கழற்றியபடி கட்டிலில் விரிந்து கிடந்த சட்டையைப் பார்த்தாள். எல்லாவற்றையும் கொட்டினேன். அம்மா கட்டிலுக்குக் கிட்ட வந்தாள். சட்டையை மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

"துணிதானே மகள். விடு."

துணிதானேயா! ஒரு தையல்காரியிடம் சொல்லுகிற சொல்லா அது? அன்றைக்கு முழுக்க அம்மாவோடும் பேசவில்லை. ஆனால் படுத்துக்கிடந்து யோசித்தபோது தெரிந்தது, என் கோபம் சட்டைக்காக இல்லை. குடும்பத்தில் அத்தனை பிள்ளைக்கும் கால்வரை மூடிய சட்டை, என் பிள்ளைக்கென்று வரும்போது வெட்டுப்பட்டு வருகிறதென்றால், என்ன அர்த்தம்? இதற்கு இவ்வளவு நீளம் தேவைப்படாது என்று யாரோ முன்கூட்டியே சொல்லிவிட்டதுபோல் இருந்தது எனக்கு. படித்தவள்தான் நான், இதெல்லாம் மடமை என்று தெரியும். தெரிந்து என்ன, அடிவயிறு கேட்கவா போகிறது?

கர்ப்பக் கணக்கில் முதல் பிள்ளை போன அதே கிழமை வந்தது. ஒரு பின்னேரம், வெளியே மழை. வயிறு கல்லுப்போல் இறுகியது. கொஞ்சம் பொறுத்துத் தளர்ந்தது. திரும்ப இறுகியது. எழும்பிப் பார்த்தேன். துணியில் ஈரம். இரத்தமில்லை, ஆனால் ஈரம். போன தடவையும் முதலில் ஈரம்தான். "அம்மா" என்று கூப்பிட்டேன். எப்படிக் கூப்பிட்டேனோ, அடுப்பில் இருந்த சட்டியை அப்படியே விட்டுவிட்டு வந்தாள்.

தெருமுனை ஓட்டோவைப் பிடித்தோம். நான் பின்சீட்டில் அம்மாவின் மடியில் தலையை வைத்து, முழங்காலை மடித்து இறுக்கிக்கொண்டு கிடந்தேன். பாலத்துக்கு வருமுன் ஒரு பள்ளம். ஓட்டோ துள்ளியது.

"தம்பி, உனக்குக் கண் பிடரியிலயா இரிக்கு?" என்று கத்தினேன்.

"மழைத்தண்ணி நிக்குது அக்கா, பள்ளம் தெரியல்ல."

"தெரியாட்டி இறங்கி நடந்து பாத்திட்டு வந்து ஓட்டு!"

பாவம், அவன் அதன்பிறகு பாலம் முழுக்க மாட்டுவண்டிபோல் ஊர்ந்தான். பின்னால் பஸ்காரர்கள் ஹோர்ன் அடித்துக் கொன்றார்கள். அம்மா என் தலையைத் தடவிக்கொண்டே தங்கள் வீட்டுப் பழைய பறங்கிப் பாஷையில் செபம் சொன்னாள். அவள் அந்தப் பாஷைக்குப் போனால் விஷயம் கைமீறிவிட்டது என்று எனக்குத் தெரியும்.

அதே ஆஸ்பத்திரி, அதே பச்சைத் திரை. டொக்டர் ஒப்பரேஷன் தியேட்டரில், வந்துவிடுவார் என்றார்கள். அதுவரை அம்மாவைப் பக்கத்தில் நிற்க விட்டார்கள். நான் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். சுவர்ப் பக்கம் திரும்பக்கூடாது என்று மட்டும் மனதில் ஓடியது.

"அம்மா, இந்த முறையும் போனா எனக்குக் காட்டோணும். போன தடவை நான் பாக்கல்ல. அது எப்பிடிப் போச்சோ, எதில சுத்திப் போட்டாங்களோ, எனக்கு ஒண்டும் தெரியாது."

அம்மா கட்டிலின் இரும்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"நான்தான் வெட்டினன்."

எனக்கு விளங்கவில்லை.

"ஆஸ்பத்திரித் துணியில சுத்தித் தந்தாங்க மகள். பச்சைத் துணி, ஓரமெல்லாம் நைஞ்சு கிடந்திச்சு. ஒரு சாண் புள்ள. விரலெல்லாம் இரிந்திச்சு. எனக்கு மனசு கேக்கல்ல. மருமகனை நிக்கச் சொல்லிட்டு வீட்ட ஓடினன். பெட்டியத் திறந்து முழுச் சட்டையையும்தான் எடுத்தன். மறுகா நினைச்சன், உனக்கு இன்னொண்டு கிடைக்கும், அதுக்கும் வேணுமே எண்டு. அதால அடியை மட்டும் வெட்டி எடுத்தன். அந்தப் பட்டி அவளுக்கு மூண்டு சுத்துக் காணும். ரேந்தை முகத்துக்குக் கிட்ட வாற மாதிரி வெச்சன். அது எந்தத் துணி எண்டு மருமகனுக்கும் சொல்லல்ல. அப்பாட கல்லறைக்குப் பக்கத்திலதான் இரிக்கிறா."

என் அம்மாவுக்குப் பொத்தான்கூட ஒழுங்காகத் தைக்க வராது. அவளுக்கு வெள்ளை நூலும் சாம்பல் நூலும் ஒன்றுதான், கண் அப்படி. அந்தக் கையால் மடித்து, ஊசி ஓட்டியிருக்கிறாள். இன்னொன்று கிடைக்கும் என்று அன்றைக்கே நம்பி மிச்சத்தை மடித்து வைத்திருக்கிறாள். நான் அன்றைக்குச் சுவரைப் பார்த்துக்கொண்டு, இனி எனக்கு ஒன்றும் வேண்டாம் என்று கிடந்தேன்.

"ஆரப் போல இருந்தா?" என்று கேட்டேன்.

"உன்னைப் போலதான். வேற ஆரப் போல? அவ்வளவு சின்ன முகத்திலயும் ஒரு கோவம்."

நான் அழுதேன். வயிறு குலுங்கக்கூடாது என்று அடக்கிக்கொண்டு அழுதேன், அடங்கவில்லை. அம்மாவும் அழுதாள். அப்போதுதான் டொக்டர் திரையை விலக்கிக்கொண்டு வந்து, இருவரையும் பார்த்து, எல்லாம் முடிந்துவிட்டதாக்கும் என்று பயந்துபோனார்.

பார்த்தார். அவர் பார்த்து முடிக்கும்வரை நான் மூச்சு விட்டேனா என்று தெரியாது.

"தையல் அப்பிடியே இரிக்கு" என்றார்.

"நல்லாப் பாத்தீங்களா டொக்டர்?"

"நல்லாத்தான் பாத்தன். வாய் திறக்கல்ல. தண்ணி உடையவும் இல்லை. சிறுநீரில கிருமி போலக் கிடக்கு, அதுதான் வயிறு இறுகுது. மருந்து போடுவம்." ஸ்கேன் மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கறுப்புத் திரைக்குள் ஒரு மணி அளவில் பிள்ளையின் நெஞ்சு துடித்துக்கொண்டிருந்தது. பிள்ளை காலை நீட்டி உதைத்தது. அதே கணத்தில் எனக்குள்ளே, அந்த இடத்திலேயே, தெரிந்தது. வாயு இல்லை. இத்தனை நாளும் வாயுவே இல்லை.

அதன்பிறகு பயம் போய்விட்டது என்று சொன்னால் பொய். கடைசிவரை துணியைப் பார்த்தேன், கடைசிவரை தும்மலை அடக்கினேன். ஆஸ்பத்திரி வாட்டில் இருந்தபடியே அன்ரிக்குப் போன் எடுத்து, பிழையாகச் சொல்லிவிட்டேன், மன்னியுங்கள் என்றேன். "அப்ப ஆருகா வெட்டினது?" என்று கேட்டாள். "எலிதான்" என்றேன். அன்ரி நம்பவில்லை. ஆனால் சமாதானமாகி, கட்டா மீன் கொடுத்தனுப்பினாள்.

மாதம் நிறைவதற்குக் கொஞ்சம் முன்னால் தையலை வெட்டி எடுத்தார்கள். எனக்கு அதைக் காட்டச் சொன்னேன். நர்ஸ் தட்டில் வைத்துக் காட்டினாள். சின்ன விரல் நீளத்தில் ஒரு வெள்ளை நாடா, நடுவில் ஒரேயொரு முடிச்சு. அவ்வளவுதான். அதை நம்பித்தான் அத்தனை மாதமும் கிடந்திருக்கிறோம், நானும் என் பிள்ளையும். "நல்ல முடிச்சு டொக்டர்" என்றேன். என் வாழ்நாளில் வேறு எவருடைய தையலையும் நான் அப்படிப் புகழ்ந்ததில்லை.

மகன் பிறந்தான். ஞானஸ்நானத்துக்கு அதே சட்டையைப் போட்டேன். அடியில் இருந்த சாம்பல் நூலைப் பிரிக்கவில்லை. நன்றாகக் கொழுத்திருந்தான், கால் இரண்டும் முழங்காலிலிருந்து வெளியே கிடந்து உதைத்தன. கோயில் வாசலில் அன்ரி அவனை என் கையிலிருந்து வாங்கினாள். வாங்கியதும் தொடங்கிவிட்டாள்.

"ஐயோ, புள்ளைட கால் ரெண்டும் வெளியில கிடக்கே! நீயெல்லாம் ஒரு தையல்காரியா? ஒரு துண்டு ரேந்தை வெச்சுத் தைக்க ஏலாமப் போச்சா உனக்கு?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா கோயில் படியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அது அக்காட பங்கு, அன்ரி" என்றேன். "அவ கொண்டு போயிட்டா. மிச்சம்தான் தம்பிக்கு."

அன்ரி என்னைப் பார்த்தாள், பிறகு அம்மாவைப் பார்த்தாள். பூசை முடியும்வரை அவன் கால் இரண்டையும் தன் உள்ளங்கையால் பொத்திப் பிடித்துக்கொண்டே நின்றாள்.